பாதிப் படத்து விருந்தாளிகள்

சாம்பல் புதன் காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீடு திரும்பிய ராயப்பர் காலனிக்காரர்கள், முந்தின நாள் சாயங்காலம் தாங்கள் பாதியில் நிறுத்திய படங்களில் இருந்த ஆட்கள் அவரவர் வீட்டு டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது யாரும் கூச்சல் போடவில்லை; அன்றைக்கு ஒருசந்தி நாளாயிற்றே, அடுப்புப் பற்றவைக்கவில்லையே, நாம் பட்டினி கிடக்கலாம், வீடு தேடி வந்தவர்களைப் பட்டினி போடலாமா என்றுதான் முதலில் கவலைப்பட்டு, பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் பால் கேட்டு ஓடினார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் காலனியில் மொத்தம் முப்பத்தாறு வீடு. முப்பத்தாறு வீட்டிலும் டிவி உண்டு, நெட் உண்டு, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோவில் மணி அடித்தால் யார் வீட்டில் என்ன ஓடினாலும் அணைத்துவிட்டு ஜெபமாலைக்கு முழங்கால் போட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கதாநாயகன் பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, கல்யாணப் பெண் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, மணி அடித்தால் அப்படியே நிற்க வேண்டியதுதான். மீதியை மறுநாள் பார்ப்பார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் நிறுத்தினார்கள், ஆனால் மறுநாள் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்குகிறது என்பதையும், தபசு காலம் நாற்பது நாளும் படம் பார்ப்பதில்லை என்று ஒவ்வொரு வருஷமும் மாதாவுக்கு முன்னால் நேர்ந்துகொள்கிறோம் என்பதையும், அவசரத்தில் முப்பத்தாறு வீட்டில் ஒரு வீடுகூட யோசிக்கவில்லை.

அந்தப் படங்களையெல்லாம் பார்க்கச் சொன்னவள் எமரென்சி.

எமரென்சிக்கு ஐம்பத்தெட்டு வயது, படிப்பு எட்டாங்கிளாஸ். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், மகன் டைட்டஸ் கப்பலில், மகள் லிடியாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மத்தியான வேளைகளில் கருவாட்டுக்கு உப்புத் தட்டிக்கொண்டே புதுப்படங்களைப் பார்ப்பாள். எந்தப் படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாம், எந்தப் படத்தை மாமியாருக்கு முன்னால் போடக் கூடாது என்று அவளுக்கு ஒரு நிதானம் உண்டு. கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பங்குச்சாமியே கோவில் அறிவிப்புப் பலகையில், பூசை நேரங்களுக்குக் கீழே, ஒரு முழ இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது இது: தபசு வருமுன் வீட்டில் பார்க்க. சிரிக்க வேண்டியவர்களுக்கு, தெரியாத்தனமாக எலெக்‌ஷனில் ஜெயித்துவிட்ட சமையற்காரன் படம். சாப்பிட்ட உடனே பார்க்க வேண்டாம், வயிறு நோகும். பேய்ப் படம் ஒன்று வந்திருக்கிறது, கெட்ட பேய் இல்லை, பிள்ளைகள் மடியில் இருந்து பார்க்கலாம். வெடிகுண்டுப் படத்துக்கு ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மாத்திரை போட்டுவிட்டு உட்காரவும். துப்பறிகிற படத்தில் கொலைகாரன் யார் என்று தெரிந்தவர்கள் குழாயடியில் சொல்லக் கூடாது. குடும்பப் படம் ஒன்று உண்டு, நான் இன்னும் பார்க்கவில்லை, நல்லது என்கிறார்கள், தாயும் மகளும் சேர்ந்து பார்க்கலாம்.

அந்தக் கடைசிப் படத்தை அவள் பார்க்காமல் வைத்திருந்தது லிடியாவோடு பார்ப்பதற்காக. லிடியா ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி, "இனி அங்க போவல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மகளின் முழங்கைக்கு உள்பக்கம் கறுத்துப்போன ஒரு தழும்பை எமரென்சி பார்த்தாள்; பார்த்துவிட்டு, கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து, எண்ணெயைத்தான் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் ஒரே பாயில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். தேன்மொழி என்கிற கொங்குநாட்டுப் பெண் ஒருத்தி, புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்கிறாள், ஒரு பஸ் புருஷன் ஊருக்கே திரும்பிப் போகிறது, ஒரு பஸ் எங்கேயோ போகிறது, காலைத் தூக்குகிறாள், மணி அடித்துவிட்டது.

ஜெபமாலை முடிந்து அவரவர் வேண்டுதல் கருத்துகளைச் சொல்கிற நேரத்தில், என்றைக்கும் போலக் கண்ணை மூடிக்கொண்டு, என்றைக்கும் போலச் சத்தமாக, எமரென்சி வேண்டினாள்: "என் மகளுக்கு நல்ல புத்தியக் கொடுத்து அவ புருஷன் வீட்டுக்கே அவளத் திருப்பி அனுப்பும் ஆண்டவரே." ஆமென் என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. விடிந்து எமரென்சி சாம்பல் பூசக் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் லிடியா பையை எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஓசூருக்கே பஸ் ஏறிவிட்டாள்.

திரும்புகிற வழியிலேயே அதைக் கேள்விப்பட்டு ஓடி வந்து கதவைத் திறந்தபோது, பாயில் ஒரு பெண் பையோடு முதுகு காட்டி நிற்பதைப் பார்த்து எமரென்சிக்கு உயிர் வந்தது. "எங்க போய்ட்டன்னு நெனச்சேன் பிள்ள" என்று தோளைத் தொட்டாள். திரும்பியவள் தேன்மொழி.

"ஏனுங்கம்மா," என்றாள் தேன்மொழி, "மிச்சம் எப்பங்க?"

அன்று முழுக்கக் காலனியில் எல்லா வீட்டிலும் அந்தக் கேள்விதான். சமையற்காரன் படத்தை மூன்று வீட்டில் பார்த்திருந்ததால் மூன்று சமையற்காரர்கள் வந்திருந்தார்கள்; அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், ஒரே மீசை, ஆனால் ஒருவன் சொன்ன பகடிக்கு மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை, தெரிந்த பகடிதானே. ஜெரோன் வீட்டுக்கு வந்த பேய் வெள்ளைச் சேலையோடு அடுக்களை மூலையில் நின்று, யாரையும் பயமுறுத்தத் தோன்றாமல், அழுத கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டத் தொடங்கிவிட்டது. வெடிகுண்டுக்காரர் கையில் பதினான்கு விநாடியில் நின்றுபோன குண்டோடு வந்திருந்தார். அவரை மட்டும் மரியாதையாகப் பேசி, ஊருக்கு வெளியே உப்பளத்து வரப்பில் ஒரு கட்டில் போட்டு உட்காரவைத்து, சாப்பாட்டைக் கம்பில் கட்டி நீட்டினார்கள். துப்பறிகிறவர் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் இறங்கி, காலனியில் ஒவ்வொருவரிடமும் செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் ஜெபத்தில் இருந்தேன் என்றே சொன்னதால் எல்லோர்மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பங்குச்சாமி வந்து வீடுவீடாகப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டு, "பூசைக்கு வரட்டும், நன்மை அப்பம் மட்டும் வாங்கக் கூடாது" என்றார். அதோடு அந்த விஷயம் கோவில் பக்கம் தீர்ந்தது. காலனித் தலைவர் மைக்கில், விருந்தாள் வந்திருக்கிற வீட்டார் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் கூடப் பிடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். நாலாம் நாள் சமையற்காரர்கள் மூன்று பேரையும் சேர்த்துத் தபசுகாலக் கஞ்சி காய்ச்சவிட்டார்கள். கஞ்சி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதியில் அடுப்பைவிட்டு எழுந்து, மூன்று பேரும் ஒரே குரலில் மிச்சம் எப்ப என்று கேட்டார்கள்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார்கள், எழுந்தால் வாசலுக்குப் போனார்கள், வாசலுக்குப் போனால் திரும்பி வந்து டிவியின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்கள். தட்டில் போட்ட சோறு பிசையப்பட்டதே தவிரக் குறையவில்லை. போட்டுக் கொடுத்த பாய் சுருக்கம் விழாமல் அப்படியே கிடந்தது. ஒரு வாரத்துக்குள் அந்த நிலைகொள்ளாமை காலனிக்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பாதி வலையைப் பின்னிவிட்டு எழுந்துபோனார்கள், பாதித் தலையை வாரிவிட்டுச் சீப்பைத் தேடினார்கள், சண்டையைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எதற்குச் சண்டை போட்டோம் என்று தெரியாமல் அலைந்தார்கள். தபசுக்கு உண்டான அமைதி ஒரு வீட்டிலும் இல்லை. கடைசியில் குழாயடியில் பேச்சு எமரென்சி மேல் திரும்பியது.

"நீங்கதான மைனி எழுதிப் போட்டீய," என்றாள் அடுத்த வீட்டுத் தெக்ளா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "பேய்ப் படம் பாரு, குண்டுப் படம் பாருன்னு. நான் பாட்டுக்கு சீரியல் பாத்துக்கிட்டு கெடந்தேன். இப்ப அந்தத் துப்பறியிறவன் என் மாமியார் செத்ததுக்கு என்னக் கேள்வி கேக்கான்!"

"உங்க மாமியா கொரோனால்லா செத்தாவ," என்றாள் எமரென்சி.

"அதத்தான் சொன்னேன். ஆதாரம் இருக்கான்னு கேக்கான்."

பெண்கள் சிரித்தார்கள், சிரிப்பையும் பாதியில் விட்டார்கள். எமரென்சி குடத்தை எடுத்துக்கொண்டு நேரே சாமி வீட்டுக்குப் போய், தான் செய்த தப்பைச் சொல்லி, ஒரு வழி சொல்லுங்க சாமி என்று நின்றாள். சாமி இரண்டு நாள் யோசித்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்னார்: நேர்ச்சை நேர்ச்சைதான், புதுப்படம் யாரும் தொடக் கூடாது, ஆனால் வந்தவரை வழியனுப்பிவைப்பது பொழுதுபோக்கு ஆகாது, ஆகவே நிறுத்திய இடத்திலிருந்து கடைசிவரை, நொறுக்குத்தீனி இல்லாமல், முழங்காலில் நிற்காவிட்டாலும் நேராக உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அப்படியே பார்த்தார்கள். படம் ஓடத் தொடங்கியதும் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்களைப் போல எழுந்து, சேலையை உதறி, மீசையை நீவி, போய்ட்டு வாறோம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குள் நடந்து போனார்கள். வெடிகுண்டுக்காரருக்காக டிவியையே உப்பளத்து வரப்புக்கு ஒயர் இழுத்துக் கொண்டுபோனார்கள். மூன்று சமையற்காரர்களும் மூன்று வீட்டில் ஒரே விநாடியில் உள்ளே போனார்கள். ஜெரோன் வீட்டில் மட்டும், குழந்தை பேயின் விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று கத்தியதால், இரண்டு நாள் தாமதமாயிற்று.

எமரென்சி வீட்டில் மட்டும் டிவி கறுப்பாகவே இருந்தது.

காரணம் தெக்ளா. "அந்தப் படத்த நான் எங்கக்கா வீட்டுல பாத்தேன் மைனி," என்று அவள் ஒருநாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டாள். "அவ திரும்பி அவன் வீட்டுக்கே போவா. போயி செத்துப்போவா. நல்லாத்தான் எடுத்திருக்கான், நான் அழுதேன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எமரென்சி தேன்மொழியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். லிடியா விட்டுப்போன பச்சை நைட்டியைக் கொடுத்தாள், லிடியாவின் தட்டில் சோறு போட்டாள், லிடியா படுத்த கட்டிலை விரித்தாள், மீன் குழம்பில் புளி போதுமா என்று கேட்டாள். காலனி மினிபஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தேன்மொழி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஒரு காலைத் தூக்குவாள். எமரென்சி அவள் கையைப் பிடித்து உட்காரவைப்பாள். ஒரு நாளைக்கு பஸ் எட்டுத் தடவை வந்து போகும், எட்டுத் தடவையும் இதுதான். படத்தை முடித்தால் அவள் சாவாள், முடிக்காவிட்டால் இருப்பாள், இருந்தால் என்ன, ஒரு தட்டுச் சோறுதானே, அதுவும் குறைவதில்லை. ஆனால் நாளுக்கு நாள் தேன்மொழியின் நிறம் போய்க்கொண்டிருந்தது. குங்குமம் மங்கிற்று, முகம் அலசி அலசிப் போட்ட துணி மாதிரி வெளுத்தது.

"காலு கடுக்குதுங்கம்மா," என்றாள் ஒரு மத்தியானம். "ஒண்ணு ஏறோணும், இல்லீன்னா எறங்கோணும். ஒரு காலத் தூக்கிட்டு எத்தன நாளைக்குங்க நிக்கறது?"

"போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா பிள்ள?"

"தெரியாதுங்க. தெரியாமத்தானுங்களே எல்லாரும் போறாங்க."

எமரென்சி அதற்குமேல் தாங்க மாட்டாமல், சிலுவை போட்டுக்கொண்டு ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். தேன்மொழி பையோடு நடந்து போனாள். கண்ணாடியில் நெற்றி மோதி நின்றாள். மறுபடி போனாள், மறுபடி மோதிற்று. படமும் ஓடாமல் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டே இருந்தது. நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி, "இத நீங்க தனியா நிறுத்துலீங்களே," என்றாள். "ரெண்டு பேரு நிறுத்துனதுங்க. அவுங்களையும் கூப்புடுங்க."

எமரென்சி வெகுநேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பதினெட்டு நாளாக அந்த எண்ணை அமுக்காமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லிடியாவுக்கு லீவு இருக்கும். ஐந்து தடவை மணி அடித்தது.

"சொல்லு," என்றாள் லிடியா.

"பிள்ள, அன்னைக்குப் பாதியில விட்டோம்லா, அந்தப் படம்..."

"பதினெட்டு நாள் கழிச்சி போன் பண்ணி படத்தப் பத்தியா பேசுத?"

"அந்தப் பிள்ள இங்கதான் நிக்கி."

"தெரியும். தெக்ளாக்கா மக வாட்சப்புல போட்டோ போட்டா. என் பச்ச நைட்டியப் போட்டுக்கிட்டு நிக்கா. அவளுக்கு மட்டும் கட்டில் விரிச்சிக் குடுத்தியாமே, நான் இருந்தப்ப நானேதான விரிச்சிக்கிட்டேன்?"

எமரென்சி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். மகள் சண்டை போடுகிறாள். சண்டை போடுகிற அளவுக்காவது போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "நீயும் சேந்து போட்டாதான் அவ போவாளாம். ஆனா பிள்ள, போனா செத்துப்போவாளாம். புருஷன் வீட்டுல."

எங்கோ ஓசூரில் ஒரு மிக்சி ஓடி நின்றது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுதேன்," என்றாள் லிடியா. "நான் இங்க போன்ல போடுதேன், நீ அங்க அமுக்கு. ஸ்பீக்கர்ல வையி."

மூன்று சொன்னதும் தேன்மொழி பச்சை நைட்டியின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, எமரென்சியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாறனுங்கம்மா" என்று உள்ளே போய், தூக்கிய காலைப் படிக்கட்டில் வைத்தாள். ஏறியது திரும்பிப் போகிற பஸ்ஸில்.

பஸ்ஸில் அவளுக்குப் போன் வருகிறது. பேசுவது அவளைப் பெற்றவள். எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க, போய்ச் சேரு, சாமி உனக்கு நல்ல புத்தி குடுக்கட்டும் என்கிறாள் அந்தத் தாய், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தன் மகளின் நன்மையைத் தவிர வேறொன்றையும் நினைக்காமல்.

"பிள்ள," என்றாள் எமரென்சி. "நானும் அப்படித்தான கேட்டேன்."

"ஆமா. சத்தமாக் கேட்ட. நீ கேட்டா ஆண்டவர் குடுத்திருவாரோன்னு எனக்குப் பயம். அதான் விடியவே ஓடுனேன்."

"உன் கையில இருந்த அடையாளத்த நான் பாத்தேன். கேக்காம எண்ணெய ஊத்திட்டேன்."

"தெரியும். தலையெல்லாம் வடிஞ்சிது."

"இப்பக் கேக்கட்டுமா?"

படம் ஓடிக்கொண்டே இருந்தது. தேன்மொழி அந்த வீட்டு வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றி, உள்ளே போனாள். "கேளு," என்றாள் லிடியா. எமரென்சி கேட்டாள். லிடியா சொன்னாள், முழங்கையில் இருந்ததைச் சொன்னாள், முழங்கைக்கு முன்னால் நடந்ததைச் சொன்னாள், வெளியே தெரியாத இடங்களைச் சொன்னாள், அவள் குரலும் படத்தின் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது ஓசூரிலிருந்து வருகிறது எது கண்ணாடிக்குள்ளிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் அந்தச் சின்ன வீடு முழுக்க நிறைந்தது. எமரென்சி கண்ணை மூடவில்லை. என்றைக்கும் வேண்டுதலுக்கு மூடுகிற கண்ணை, அன்றைக்கு மூடினால் பாவம் என்பது போலத் திறந்தே வைத்திருந்தாள்.

தெக்ளா சொன்னது சரிதான். தேன்மொழி செத்துப்போனாள்.

அந்த நேரத்தில் எமரென்சி போட்ட சத்தம் கேட்டு முதலில் தெக்ளாதான் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜெரோன் பெண்டாட்டி குழந்தையோடு, ஸ்டெல்லா டீச்சர் கண்ணாடியைத் துடைத்தபடி, இப்படியே பதினைந்து இருபது பெண்கள். துக்க வீட்டுக்கு வருவதுபோலத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பதினெட்டு நாள் குழாயடியில் தங்களோடு நின்ற பிள்ளை அல்லவா. எமரென்சி மெழுகுதிரி ஏற்றி, இறந்தோர் செபத்தைத் தொடங்கினாள்.

"அவ நம்ம வேதம் இல்லியே மைனி," என்று தெக்ளா காதோடு கேட்டாள்.

"பெத்த தாயி கேக்காததுக்கு நாமளாவது கேப்போம், சொல்லு," என்றாள் எமரென்சி. எல்லோரும் சொன்னார்கள். போனிலிருந்து லிடியாவும் சொன்னாள். செபம் முடிந்து, "என் மகள் எங்கே இருக்காளோ அங்கேயே அவளுக்குத் துணையா இரும் ஆண்டவரே" என்று எமரென்சி தன் கருத்தைச் சேர்த்தபோது, ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆமென் வந்தது. கொஞ்சம் தாமதித்து, ஆனால் வந்தது.

டிவியில் பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, லைட் பிடித்தவர், சாப்பாடு பரிமாறினவர், துணி தைத்தவர் என்று ஒரு பெயர் விடாமல் அப்படியே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் லிடியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவ நடிச்ச வேற படம் ஒண்ணு போன மாசம் வந்திருக்கு. சிரிப்புப் படம். நான் கடசி வர பாத்துட்டேன், சாவ மாட்டா. ஈஸ்டர் முடிஞ்சி பலகையில எழுதிப் போடு."

எமரென்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுல அவ யாரு கூட இருக்கா?"

"யாரு கூடயும் இல்ல. ஒரு டவுன்ல சொந்தமா பேக்கரி வச்சிருக்கா."

"நல்லா இருக்காளா பிள்ள?"

"குண்டாயிட்டா," என்றாள் லிடியா.